இயக்கத்துக்குச் சின்னம் வரைகிறீர்களா? சுவரில் இருந்து தொடங்குங்கள்

சின்னம் கேட்டு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது செல்போனைத்தான். யாரோ ஒரு தம்பி செய்து கொடுத்த படம் அதில் இருக்கும். உலக உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கை, மேலே புறா, இரு பக்கமும் நெற்கதிர், அடியில் விரித்த புத்தகம், அதன் மேல் பேனா, சுற்றி வட்டமாக இயக்கத்தின் முழுப்பெயர், போதாததற்குப் பதிவு எண். "இதுல தராசையும் எங்கயாவது சேத்து விட்ருங்கண்ணே" என்பார்கள்.

மதுரையில் எனக்குப் போர்டு எழுதுகிற தொழில். தட்டி, சுவர், துணி பேனர், ஸ்கிரீன் பிரின்டிங் எல்லாம் செய்துவிட்டு இப்போது கணினியில், கோரல் டிரா என்ற படம் வரையும் மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறேன். நகைக்கடைக்கும் வரைகிறேன், தூய்மைப் பணியாளர் சங்கத்துக்கும் வரைகிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நகைக்கடை லோகோ கடைசிவரை என் ஃபைலில் இருந்தேதான் அச்சாகும். இயக்கத்தின் சின்னம் ஒருமுறை வெளியே போய்விட்டால் என் கைக்குத் திரும்பாது. மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில், ராத்திரி டார்ச் வெளிச்சத்தில், பாதி டப்பா பெயின்ட்டும் முடி கொட்டிய பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, படம் வரைந்தே பழக்கமில்லாத ஒருவர் அதை வரைவார். அவர் கையில் அது பிழைக்குமா? இதை முதலில் கேளுங்கள். அழகைப் பிறகு பார்க்கலாம்.

யார் வரையப் போகிறார்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களுக்காக சீசர் சாவேஸ் 1962-ல் சங்கம் தொடங்கியபோது கேட்டதும் இதே கேள்விதான். சிவப்புத் துணி, நடுவே வெள்ளை வட்டம், அதில் கறுப்புக் கழுகு. கழுகின் சிறகைக் கவனியுங்கள்: இறகே கிடையாது. மாடிப்படி மாதிரி வெட்டு வெட்டாக, முழுக்க நேர்கோடு. அவருடைய தம்பி ரிச்சர்ட் சாவேஸ்தான் சிறகை அப்படிச் சதுரமாக வெட்டிக் கொடுத்தவர். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற யாரும் வீட்டில் உட்கார்ந்து துணியில் அதை வரைந்து கொடி தைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். 1970-ல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, அதே கழுகு திராட்சைப் பெட்டிகளின் மேல் சின்ன முத்திரையாகவும் வந்தது. பேரணியில் ஆள் உயரக் கொடி, பெட்டியில் உள்ளங்கை அளவு. இரண்டிலும் அது கழுகாகவே தெரிந்தது.

நம் ஊரிலும் இதற்கு அருமையான பாடம் இருக்கிறது. நீதிக்கட்சிக்குச் சின்னம் தராசு. தராசை வரைந்து பாருங்கள். நடுத்தண்டு, மேலே கிடைக்கோடு, இரு பக்கமும் மும்மூன்று கயிறு, கீழே தட்டு. ஒரு பக்கக் கயிறு கொஞ்சம் நீண்டால் போதும், நீதியே சாய்ந்துவிடும். 1944 சேலம் மாநாட்டில் அந்தக் கட்சி திராவிடர் கழகம் ஆனது. பிறகு வந்த கொடி கறுப்புத் துணி, நடுவில் சிவப்பு வட்டம். அவ்வளவுதான். ஈரோட்டில் கொடி உருவானபோது விரலைக் குத்தி, வந்த ரத்தத்தால் நடுவில் வட்டம் வைத்ததாகக் கலைஞர் கருணாநிதி தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். தொழில்காரனாக எனக்கு அதில் ஒரு விஷயம் பிடிபடுகிறது: ஒரு சொட்டு ரத்தத்தால் போட்டுவிடக் கூடிய சின்னம் அது. தராசை அப்படிப் போட முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துக் கோடு இழுத்தால் வட்டம் வந்துவிடும். பெரிய சுவர் என்றால் ஒரு ஆணி, ஒரு நூல், ஒரு சாக்பீஸ். சமுதாயத்தின் இழிநிலைக்குக் கறுப்பு, அதை மாற்றும் புரட்சிக்குச் சிவப்பு என்ற விளக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். உங்கள் சின்னத்தின் பொருளைச் சொல்ல இரண்டு வாக்கியத்துக்கு மேல் தேவைப்பட்டால் எதையாவது எடுத்துவிடுங்கள்.

எதை எடுப்பது என்று சண்டை வரும், வரத்தான் செய்யும். கமிட்டியில் ஆளுக்கொரு பொருளை ஆசைப்பட்டுச் சேர்த்திருப்பார்கள். நான் செய்வது இது: ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் கறுப்பு ஸ்கெட்ச்சில் வரைந்து சுவரில் ஒட்டுவேன். "இது ஒண்ணு மட்டும் இருந்தா நம்ம ஆளுங்கன்னு தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். புறா முதலில் போகும். உலக உருண்டை அடுத்து. கடைசியில் ஒன்று நிற்கும், பெரும்பாலும் அவர்கள் கையில் பிடிக்கிற ஏதாவது ஒரு கருவி.

நிறம்

நிறத்தைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். துணிக்கடையில் பாருங்கள், பெயின்ட் கடையில் பாருங்கள். திருப்பூரிலோ புது மண்டபம் பக்கத்திலோ கேட்டால் உடனே கிடைக்கிற துணியின் நிறமாக இருக்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1978-ல் கில்பர்ட் பேக்கர் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்துக்காக வானவில் கொடியை உருவாக்கியபோது அதில் எட்டுப் பட்டை. கையால் சாயம் தோய்த்தவை. அந்த வருடக் கடைசியில் அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஹார்வி மில்க் சுட்டுக்கொல்லப்பட்ட பின் ஊரெல்லாம் கொடி கேட்டார்கள். அடர் இளஞ்சிவப்புத் துணி அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை, பட்டை ஏழானது. மறு வருடம் பட்டைகளை இரட்டைப்படையாக்க இன்னொன்றையும் எடுத்து ஆறாக்கினார்கள். இன்று உலகம் முழுக்கப் பறப்பது அந்த ஆறுதான். துணிக்கடை எடுத்த முடிவு என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

இரண்டு நிறம் போதும், மூன்றாவதாகத் துணியின் அல்லது சுவரின் வெள்ளை. ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிரேம், ஒரு தரம் காயவைப்பு, ஒரு தரம் பொருத்திப் பிடிப்பு. நிறம் கூடினால் செலவு கூடும், கோணலும் கூடும். அமெரிக்காவின் ஓக்லாந்தில் கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் பத்திரிகைக்குப் படம் வரைந்த எமரி டக்ளஸ் பெரும்பாலும் கறுப்போடு இன்னொரு நிறத்தை மட்டும் வைத்தே வேலையை முடித்தார். காசில்லாததால் வந்த கட்டுப்பாடு. அந்தத் தடித்த கறுப்புக் கோடுகளைத்தான் இன்றைக்கும் டிசைன் படிக்கிற பிள்ளைகள் எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கல், எல்லா நிறமும் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறது. கறுப்பு சிவப்பை எடுத்தால் ஊர் உங்களை எந்தக் கணக்கில் சேர்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. நீலம் எடுத்தால் அம்பேத்கர் இயக்கம். அம்பேத்கர் 1942-ல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பில் இருந்தே அந்த நீலம் தொடர்கிறது. அந்தக் கூட்டமைப்பு முதல் பொதுத்தேர்தலில் யானைச் சின்னத்தில் நின்றது, பிறகு கன்ஷிராம் தொடங்கிய பகுஜன் சமாஜும் யானையையே எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றோடு உங்களுக்கு உறவு இருந்தால் தாராளமாக நீலத்தை எடுங்கள், ஒரு பார்வையிலேயே பாதி அறிமுகம் முடிந்துவிடும். சும்மா கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று எடுத்தால் ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். பழைய ஃப்ளெக்ஸ், பழைய சினிமா போஸ்டர் எல்லாம் ஒரு மாதிரி நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்துப்போகும், அச்சில் சிவப்பு என்பது அந்த இரண்டும் சேர்ந்ததுதான். ஆகவே சின்னத்தின் உயிர்ப்பகுதியைக் கறுப்பில் வையுங்கள், சிவப்பு போனாலும் உருவம் நிற்கும். சுவரில் சிவப்பு நிலைக்க வேண்டும் என்றால் ரெட் ஆக்சைடு அடியுங்கள். கொஞ்சம் செங்கல் நிறமாகத் தெரியும், ஆனால் சீக்கிரத்தில் வெளுக்காது.

உருவம்: ஒரு சிறுத்தை வந்த வழி

விலங்கை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். அதற்கு முன் ஒரு சிறுத்தையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்று ஒரு மாவட்டம். ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள், 1965 தொடக்கம்வரை அவர்களில் யாருக்கும் ஓட்டு இல்லை என்கிற நிலை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பதால் அங்கேயும் நம் ஊர் போலவே வாக்குச்சீட்டில் கட்சிக்குப் படம் உண்டு. ஆளும் ஜனநாயகக் கட்சியின் படம் சேவல், அதோடு வெள்ளையர் மேலாதிக்கம் என்ற வாசகமே சேர்ந்து வரும். மறைத்துக்கூடச் சொல்லவில்லை. அதை எதிர்த்து, கறுப்பர் உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் தோழர்களும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து தனிக் கட்சி கட்டினார்கள். அட்லான்டாவில் கிளார்க் கல்லூரி விளையாட்டு அணியின் அடையாளமாக இருந்த சிறுத்தையைப் பார்த்து, பாயும் கறுஞ்சிறுத்தை ஒன்றை வரைந்துகொண்டார்கள். சேவலுக்கு எதிரில் சிறுத்தை. பேச்சே வேண்டியதில்லை.

1966 அக்டோபரில் ஓக்லாந்தில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் அந்தச் சிறுத்தையைத் தங்கள் பிளாக் பாந்தர் கட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். 1972-ல் மும்பையில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் போன்றவர்கள் தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1980-களில் அது மதுரைக்கு வந்தது, இன்று விடுதலைச் சிறுத்தைகள். அலபாமாவின் ஒரு மூலையில் வாக்குச்சீட்டுக்காக வரைந்த விலங்கு எங்கள் ஊர்ச் சுவருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். யாரும் யாரிடமும் காப்புரிமை கேட்கவில்லை.

இதில் வரைகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை: அது பக்கவாட்டு உருவம், முழுக்க ஒரே கறுப்பு. முகத்தை நேராகக் காட்டினால் மீசையும் கண்ணும் மூக்கும் வரைய வேண்டும், பழகாத கையில் அது பூனையாகிவிடும். சுவரில் பூனையான சிறுத்தைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் என்றால் முதுகு வளைவும் நீட்டிய முன்காலும் வாலும் போதும். இன்னொன்று, விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை முதல் நாளே முடிவு செய்து எழுதி வையுங்கள். கொடியின் பின்பக்கம் அது எதிர்த்திசையில் ஓடும், அப்புறம் எது சரி என்று ஊருக்கு ஊர் வாக்குவாதம்.

நாளைக்குத் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். தேர்தல் ஆணையம் இப்போது புதிதாகப் பறவை, விலங்கு எதையும் சின்னமாக ஒதுக்குவதில்லை. பெயரிலேயே சிறுத்தை வைத்திருக்கும் கட்சியின் தலைவர் தொல். திருமாவளவன் 2019-லும் 2024-லும் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில்தான் நின்று வென்றார். இயக்கச் சின்னமும் வாக்குச்சீட்டுச் சின்னமும் வேறு வேறாக இருக்கலாம், தவறில்லை. ஆனால் அதற்குத் தகுந்த மாதிரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடிக்க இடம் விட்டு வடிவமைக்க வேண்டும்.

எழுத்து

பெயரைச் சின்னத்துக்குள் திணிக்காதீர்கள். தமிழ் எழுத்து அகலம் வாங்கும். வட்டத்தைச் சுற்றி "ஒருங்கிணைந்த அமைப்புசாராத் தொழிலாளர் உரிமைப் பாதுகாப்பு இயக்கம்" என்று எழுதினால் விசிட்டிங் கார்டில் அது வெறும் கறுப்பு வளையம்தான். சின்னம் தனி, பெயர் தனி, இரண்டையும் பிரித்துப் போட்டாலும் நிற்க வேண்டும்.

எழுத்தே சின்னமாவதும் உண்டு. 1980 ஆகஸ்டில் போலந்தின் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது யெர்சி யனிஷெவ்ஸ்கி என்ற இளைஞர் சாலிடாரிட்டி என்ற தொழிலாளர் இயக்கத்தின் பெயரைச் சிவப்பில் எழுதினார். எழுத்துகள் தோளோடு தோள் உரசி நெரிசலில் நிற்கின்றன. ஓர் எழுத்தில் இருந்து கொடி எழும்புகிறது. பிரஷ் பிடித்த கைக்கு எளிதான எழுத்து அது, அளவெடுத்துச் செய்ததில்லை. 1968-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரி 1 அன்று குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்ததுதான் காரணம். அவர்கள் பிடித்த அட்டையில் படமே இல்லை. "ஐ ஆம் எ மேன்" (நான் ஒரு மனிதன்) என்று ஆங்கிலத்தில் நாலே சொல், தடித்த எழுத்தில், இரண்டாவது சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. அத்தனை பேரும் ஒரே அட்டையைப் பிடித்து வரிசையாக நின்றபோது அதுவே சின்னமாகிவிட்டது. மலக்குழியில் ஆட்கள் சாவது நிற்காத ஊரில் இருந்துகொண்டு அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போது எனக்கு லோகோ பற்றிய பேச்செல்லாம் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

தமிழில் எழுதும்போது எழுத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன் வைத்துப் பாருங்கள், தூரத்தில் தெரியும். புள்ளியைப் பெரிதாக வையுங்கள். சுவரில் முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

ஸ்டென்சில் வெட்டுவது

ஸ்டென்சில் என்றால் உருவத்தை வெட்டியெடுத்த தகடு, அதன் ஓட்டை வழியாகப் பெயின்ட் அடிப்பது. இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சின்னம் தேறுமா என்பதை இங்கேதான் கண்டுபிடிப்பீர்கள்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பு போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் படத்தை வைத்து, மேலே மார்க்கரில் வரைந்து, கட்டரால் வெட்டுங்கள். வெட்டும்போது ஒன்று புரியும்: வளையத்தின் உள்வட்டம் தனியாகக் கழன்று விழுந்துவிடும். ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழிக்கும் அதே கதி. அந்தத் தீவுகளைப் பிடித்து வைக்க இடையில் பாலம் விட வேண்டும், அரை விரல் அகலமாவது. நாலைந்து பாலத்துக்கு மேல் தேவைப்பட்டால் சின்னத்தைத் திரும்ப வரையுங்கள். அம்பேத்கர் முகம் ஸ்டென்சிலுக்கு இவ்வளவு நன்றாக வருவதற்குக் காரணம், வட்டக் கண்ணாடியும் கோட்டும் டையும் போதும், மூக்கை வரையாவிட்டாலும் அவர்தான். பெரியாருக்குத் தாடி.

பெயின்ட்டைப் பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், ஓரத்தில் கசியும். ஸ்பாஞ்சைத் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி, பிறகு சுவரில் குத்திக் குத்தி வையுங்கள். ஃபிலிமின் பின்பக்கத்தை ஒவ்வொரு தடவையும் துடையுங்கள்.

நீலக் கொடியில் 24 ஆரச் சக்கரம் வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்ணளவில் ஆரம் போட்டால் 24 வராது. பதினெட்டு வரும், இருபத்தொன்று வரும், நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். வட்டம் போட்ட நூலின் நீளத்தை மாற்றாமல், வட்டத்தின் மேல் ஒரு புள்ளியில் இருந்து அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே போங்கள். சரியாக ஆறு புள்ளி விழுந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டில் இருந்தும் வட்டத்துக்கு வெளியே ஒரே அளவில் வில் போட்டால் அவை வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தையும் மையத்தையும் நீலப்பொடி தோய்த்த நூலால் இணைத்து ஒரு சுண்டு சுண்டுங்கள். ஆறு இப்படிப் பன்னிரண்டாகும். இன்னொரு சுற்று, இருபத்துநான்கு.

பரிசோதனை

மூன்று சோதனை செய்வேன். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, நாலாவது பிரதியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது. சட்டையில் குத்துகிற பேட்ஜ் அளவுக்குச் சுருக்குவது. மூன்றாவதுதான் முக்கியம்: கூட்டத்துக்கு வந்தவர்களிடம் சின்னத்தை ஒருமுறை காட்டி மறைத்துவிட்டு, டீ குடித்து வந்த பிறகு நினைவில் இருந்து வரையச் சொல்வது. படிக்காத அக்காவிடமும் பேனாவைக் கொடுங்கள். "எனக்கு வராதுப்பா" என்பார், விடாதீர்கள். பத்துப் பேர் வரைந்ததைப் பரப்பி வைத்தால் எல்லோரும் விட்டுவிட்ட பாகம் ஒன்று இருக்கும். அது சின்னத்துக்குத் தேவையில்லாத பாகம், எடுத்துவிடலாம். எல்லோரும் ஒரே மாதிரி தப்பாக வரைந்த இடம் இருந்தால், பல நேரம் அவர்கள் வரைந்ததே மேலாக இருக்கும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பது

உரிமை யாருடையது என்று கேட்பார்கள். அணு ஆயுத எதிர்ப்புக்காக ஜெரால்ட் ஹோல்டம் 1958-ல் லண்டனில் வரைந்த அமைதிச் சின்னத்துக்கு அவர் காப்புரிமை வைத்துக்கொள்ளவில்லை, உலகம் முழுக்க அது போனதற்கு அதுவும் ஒரு காரணம். நான் இயக்கத்துக்கு வரைந்து கொடுத்தால் "எங்கேயும் யாரும் போடலாம்" என்று தாளிலேயே எழுதிவிடுவேன். வசூல் புத்தகத்தில் மட்டும் சின்னத்தோடு வரிசை எண்ணும் கையெழுத்தும் கட்டாயம் என்று வையுங்கள், திருட்டு வசூலுக்கு அது போதும்.

சுவரில் எழுதும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1959-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, பொது இடத்தைச் சிதைத்ததாக வழக்கு வரும். ஏற்கெனவே ஒரு கட்சி பெயரும் வருடமும் போட்டு "பிடித்து" வைத்த சுவர் பக்கம் போகாதீர்கள், அதற்குச் சட்டம் தேவையில்லை, அவர்களே வருவார்கள்.

கடைசியாக ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். கறுப்பில் சின்னம், கறுப்பின் மேல் வெள்ளையில் சின்னம், நிறத்தோடு சின்னம், சுவரில் பெரிதாக்கி வரைய வசதியாகக் கட்டம் போட்ட சின்னம். பெயின்ட் டப்பாவில் இருக்கிற நிறப் பெயரும் எண்ணும், துணிக்கடையில் கேட்க வேண்டிய நிறத்தின் துண்டு ஒன்று ஒட்டி. எந்தப் பக்கம் பார்க்கும் என்று ஓர் அம்புக்குறி. வெட்டிய ஸ்டென்சிலை மூன்று மாவட்டத்தில் மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாதீர்கள், நசுங்கிப்போகும். பிடிஎஃப் ஆக்கி டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.